முன்கயிறு

அண்ணன் தன் கையால் ஒரு சுமையைக் கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று அவள் நாற்பது நாள் காத்திருந்தாள். ஒருநாள் இருநாள் அல்ல, நாற்பது. அத்தனை நாளும் அவனுக்குச் சிரித்த முகம் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பழப் பையோடு வந்தவனுக்குத் தட்டு வைத்துப் பரிமாறினாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்கண்ணே" என்றாள். உள்ளே எரிந்த எரிச்சலில் ஒரு உலையே கொதித்திருக்கும்.

அவள் வேலை பார்த்தது ஒரு கண் மருத்துவமனையின் ஸ்டோரில். அண்ணன் அங்கேயே முகாம் சூப்பர்வைசர். வாரத்தில் மூன்று நாள் அந்த மருத்துவமனை வெளியூர்களில் கண் பரிசோதனை முகாம் போடும். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்க இருட்டு வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில் பட்டப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? அதனால் இருட்டறையைக் கையோடு கொண்டுபோனார்கள். எட்டு பேனல்கள், சுவருக்கு ஆறு, கூரைக்கு இரண்டு. ஒவ்வொன்றும் ஆளுயரத்துக்கு மேல்; இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே பஞ்சுபோல ஒரு அட்டை. இரண்டு பேர் இருபது நிமிடத்தில் நிறுத்திவிடலாம். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் உங்கள் கை உங்களுக்கே தெரியாது. முகாம் முடிந்ததும் பிரித்து அடுக்கினால் வேனின் கூரைக்கு ஏறிவிடும்.

தொல்லையெல்லாம் அந்தக் கூரையில்தான். பேனலுக்கு எடை கிடையாது, அகலம் உண்டு. வண்டி வேகமெடுத்தால் காற்று முன்விளிம்புக்கு அடியில் புகுந்து தூக்கும். குறுக்கே இரண்டு பெல்ட் போட்டு இறுக்கினால் பேனல் பக்கவாட்டில் நகராது, அவ்வளவுதான். தூக்குகிற காற்றைப் பிடித்து வைப்பது முன்கயிறு. அடுக்கின் முன்மூலை இரண்டிலிருந்தும் இரண்டு கயிறு இறங்கி, பம்பருக்கு அடியில் இருக்கும் கொக்கிகளில் முடிய வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. டிரைவருக்குக் கண் முன்னால் கயிறு அதிர்வது எரிச்சலாகவும் இருக்கும். ஆனாலும் அது இல்லாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

இதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது புருஷனால். இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அந்த வேனுக்குச் சுமை கட்டியது அவன்தான். மருத்துவமனை முழுக்க அவனுக்கு 'முடிச்சு' என்றுதான் பேர். பெரிய பேனலை அடியில் போடுவான். கைப்பிடித் துளை உள்ள கதவுப் பேனலை நடுவில் ஒளித்து வைப்பான். பெல்ட்டை ஒரே ஒரு முறுக்கு முறுக்கி விடுவான், இல்லையென்றால் அது காற்றில் வழியெல்லாம் ஊளையிடும். கடைசியில் அடுக்கின் மூலையைப் பிடித்து உலுக்குவான். "ஆட்டினா வண்டி மொத்தமா ஆடணும். பேனல் மட்டும் தனியா ஆடிச்சுன்னா அவுத்துக் கட்டு" என்பான். அதோடும் விட மாட்டான். புறப்பட்ட இரண்டாவது கிலோமீட்டரில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, இறங்கி, மறுபடி ஒருதடவை உலுக்குவான். அண்ணனுக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். "மாப்பிள்ளை, பேனலைக் கொண்டுபோறோமா, பச்சப்புள்ளையைக் கொண்டுபோறோமா?" என்பான். புருஷனும் சும்மா விட மாட்டான்: "மச்சான், நீங்க போடுறது முடிச்சே இல்ல. நம்பிக்கை."

அது கேலி மட்டும் இல்லை. அண்ணன் எதைக் கட்டினாலும் மூன்று சுற்று சுற்றி, வாலை அடியில் செருகிவிட்டு வந்துவிடுவான். அவள் வீட்டுத் துணிக்கொடியை அப்படித்தான் ஒருமுறை கட்டிக் கொடுத்தான். துவைத்த துணி அத்தனையும் இரண்டு தடவை சேற்றில் விழுந்தது. மூன்றாவது தடவை புருஷன் அவிழ்த்துக் கட்டினான். அந்தக் கொடி இன்றைக்கும் நிற்கிறது, கட்டியவன்தான் இல்லை.

அவன் போனது ஒரு காலை நேரத்தில். வேன் முன்னால் போக, லென்ஸ் பெட்டியை டாங்க் மேல் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் போயிருக்கிறான். ஊருக்கு வெளியே நீளமான பாலம். நடுப்பாலத்தில் மேல் பேனல் ஒன்று கிளம்பிப் பறந்து வந்து அவனை அடித்தது. ஆஸ்பத்திரி வாசல்வரைகூட உயிர் தாங்கவில்லை.

விசாரணை நடந்தது. டாக்டரம்மா தலைமையில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "மாப்பிள்ளைதான் கட்டினாரு. கட்டிட்டு லென்ஸ் பெட்டி எடுக்கப் போனாரு. முன்கயிறு போட மறந்துட்டாரு போல." அப்போது வேன் ஓட்டியவன், தான் வந்தபோது சுமை தயாராக இருந்தது என்றான். முடிச்சு பாலம் வரைக்கும் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான், ஏன் என்று தெரியவில்லை என்றும் சொன்னான். மறந்தது நினைவுக்கு வந்திருக்கும், அதனால் அடித்திருப்பான் என்று அதையும் எழுதிக்கொண்டார்கள். 'சுமை கட்டியவரின் கவனக்குறைவு' என்று அறிக்கை முடிந்தது. கட்டியவர் என்ற இடத்தில் அவள் புருஷன் பெயர்.

செத்தவன் வந்து வாய் திறக்கவா போகிறான்? அதன்பிறகு அந்தப் பின்வாசலில் யாராவது ஒரு மூட்டையைச் சரியாகக் கட்டாவிட்டால், "என்னடா, முடிச்சு கட்டு கட்டியிருக்கே" என்று சொல்லப் பழகிவிட்டார்கள். அவளுக்கு எதிரிலேயே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் எவளோ ஒருத்தி, "உங்கப்பா ஒழுங்கா கட்டலையாமே" என்று கேட்டிருக்கிறாள். அன்று முதல் அந்தப் பெண் புத்தகப் பையின் நாடாவை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் புருஷன்மேலே கோபம்கூட வந்தது. ஊருக்கெல்லாம் சொன்னீரே, உமக்கு மறந்துபோச்சா என்று அவன் படத்தைப் பார்த்துத் திட்டியிருக்கிறாள்.

அண்ணன்தான் ஓடி ஓடி எல்லாம் செய்தான். ஸ்டோரில் வேலை வாங்கிக் கொடுத்தான். நசுங்கிய பைக்கைச் சீர்செய்து கொடுத்தான். பெட்டி இடித்த குழி மட்டும் டாங்க்கில் அப்படியே இருந்தது. அந்தக் குழியை அண்ணன் ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. துக்கம் தாங்கவில்லை பாவம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எவ்வளவு பெரிய மக்கு நான் என்று பிற்பாடு தன்னையே நொந்துகொண்டாள்.

நாற்பது நாளுக்கு முன்பு, ஸ்டோரை ஒழிக்கும்போது பரண்மேல் ஒரு சாக்கு கிடைத்தது. விசாரணை முடிந்து திரும்பி வந்த சாமான். வாங்கி வைத்தவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே அறுந்த பெல்ட் இரண்டும், வேன் கூரைக் கேரியரிலிருந்து வெட்டியெடுத்த ஒரு முழக் குழாயும் இருந்தன. குழாயில் பெல்ட்டின் கட்டிய முனை அப்படியே இருந்தது. அவள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

மூன்று சுற்று. வால் அடியில் செருகியிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே ஆணியில் முன்கயிறு இரண்டும் தொங்கின. எட்டாக மடித்து நடுவில் இறுக்கிக் கட்டியது, அவள் புருஷன் மடிப்பு. புதிதாகக் கட்ட வந்தவர் தனக்கென்று வேறு கயிறு வாங்கிக்கொண்டதால் இரண்டு வருஷமாக யாரும் அதைத் தொடவில்லை. கட்டியது அவன் என்றால் அந்தக் கயிறு ஆணியில் இருந்திருக்காது. வாசலில் வண்டி, நாற்பது அடி தள்ளி ஆணியில் கயிறு. அந்த நாற்பது அடி நடக்கச் சோம்பல்பட்டவன் யார் என்று அவளுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் அண்ணன் என்ன சொல்வான் என்று தெரியும். "பெல்ட்டுல பேரா எழுதியிருக்கு? உனக்கு மனசு சரியில்லம்மா" என்பான், நாலு பேரும் தலையாட்டுவார்கள். பேச்சில் அவன் எமன். குழாயும் பெல்ட்டும் அவளுக்குப் போதும், ஊருக்குப் போதாது. எந்த வாய் அந்தப் பெயரைச் சொன்னதோ அந்த வாய்தான், எந்த டாக்டரம்மா எழுதினாரோ அவர் காதுபடத்தான் சொல்ல வேண்டும்.

அண்ணன் சாக வேண்டும் என்று நினைத்த நாட்களும் உண்டு. பொய் சொல்வானேன். ஆனால் பேனல் பறந்தால் அவனைத் தேடிப் போய் அடிக்காது. பின்னால் வருகிற இன்னொருத்தியின் புருஷனைத்தான் அடிக்கும். அதனால் ஒன்று மட்டும் முடிவு செய்துவைத்தாள். கட்டுவது அவன் கட்டட்டும், ஆனால் அந்தக் கட்டோடு வண்டி கேட்டைத் தாண்டாது.

வழக்கமாகக் கட்டுகிறவர் தங்கை பிரசவத்துக்கு என்று லீவு போட்டது ஒரு வியாழக்கிழமை. பாலத்துக்கு அப்பால் பதினாலாவது கிலோமீட்டரில் முகாம். காலை ஆறரைக்கு வேன் பின்வாசலில் நின்றது. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன சூப்பர்வைசர், இன்னிக்குக் கட்ட ஆள் இல்லையா?"

"நான் இருக்கேன் டாக்டர். இதென்ன பெரிய வித்தையா?" அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டான்.

அவள் ஸ்டோர் வாசலில் ஒரு பையை வைத்தாள். உள்ளே இரண்டு பெல்ட்டும் பெல்ட் அறுபடாமல் விளிம்புக்குக் கொடுக்கும் பழைய டியூப் துண்டுகளும். "அண்ணே, பெல்ட் பையில இருக்கு. முன்கயிறு உள்ள ஆணியில மாட்டியிருக்கு" என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னாள். ஒளித்து வைக்கவில்லை. பொறி வைத்துப் பிடித்தாள் என்ற பேச்சுக்கு அவள் இடம் கொடுக்கத் தயாராக இல்லை. அந்தக் கயிற்றைத் தேடி அவன் நாற்பது அடி வந்திருந்தால் அவள் மனம் ஒருவேளை இறங்கியிருக்கும். ஒரு நாளாவது அதை நினைத்துப் பார்த்திருக்கிறான் என்று தோன்றியிருக்கும்.

அவன் ஆளனுப்பிப் பையை மட்டும் எடுத்துக்கொண்டான்.

ஸ்டோர் நிலையில் சாய்ந்துகொண்டு அவள் பார்த்தாள். கதவுப் பேனலைத்தான் முதலில் மறந்தான், அதனால் அது மேலே போனது. கைப்பிடித் துளை முன்பக்கமாக வாயைத் திறந்துகொண்டு நின்றது. டியூப் துண்டுகள் பையிலேயே கிடந்தன. பெல்ட்டில் முறுக்கு இல்லை. குழாயில் ஒரு சுற்று, இரண்டு, மூன்று, வால் அடியில். எட்டே நிமிடம். கீழே குதித்து, கையைத் தட்டிக்கொண்டு, "கல்லு மாதிரி உக்காந்திருக்கு" என்றான். ஒரு மனிதனைக் கொன்றும் ஒரு முடிச்சைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

டிரைவர் புதியவன், ஆனால் சுவரில் ஒட்டியிருந்த விதியைப் படித்தவன். "சார், முன்கயிறு?" என்றான்.

"பதினாலு கிலோமீட்டர்தானேப்பா. நாப்பதுல ஓட்டு, ஒண்ணும் ஆகாது. எட்டு மணிக்கெல்லாம் அங்க வரிசையில நிப்பாங்க."

டாக்டரம்மாவும் நர்ஸும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். பின்னால் சூப்பர்வைசர் வழக்கமாக உட்காரும் சீட்டில் ஒரு பெரிய தகரப் பெட்டி இருந்தது. அண்ணன் அதை முறைத்தான்.

"இது யாரு வச்சது?"

"நான்தாண்ணே. கண்ணாடி நூத்தியிருபது ஜோடி. இந்தத் தடவை அதிகம் கேட்டிருந்தாங்க. சீட்டை விட்டா வைக்க இடமில்ல."

"அப்ப நான் எங்க உக்கார்றது? பெட்டி மேலயா?"

"கண்ணாடிண்ணே. உங்க எடைக்கு அது தாங்காது." நர்ஸ் முன்னாலிருந்து சிரித்தாள். இவள் தன் மடியிலிருந்து சாவியை எடுத்தாள். "என் வண்டி சும்மாதான் நிக்குது. அதுல வந்துடுங்க. வேனுக்குப் பின்னாடியே வாங்க."

அண்ணன் சாவியைப் பார்த்தான். பிறகு, கொட்டகையில் நின்ற பைக்கைப் பார்த்தான். டாங்க்கிலிருந்த குழியில் காலை வெயில் விழுந்திருந்தது.

"நான் முன்னாடி போயிடுறேன்" என்றான்.

"நேத்து ராத்திரிதான் மைதானத்தை மாத்தினாங்கண்ணே, புது இடம் டிரைவருக்குத்தான் தெரியும். பின்னாடியே போனாத்தான் வழி சரியா இருக்கும்."

"சரி, நீங்க கிளம்புங்க. நான் ஒரு அரைமணி கழிச்சு வர்றேன். வேலை இருக்கு."

"என்ன வேலை?" டாக்டரம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "இருட்டறையை நிறுத்த ரெண்டு பேர் வேணும். டிரைவர் ஒருத்தர் என்ன பண்ணுவார்? கூடவே வாங்க சூப்பர்வைசர்."

"வர்றேன் டாக்டர். கொஞ்சம் தள்ளி..."

"ஏண்ணே தள்ளி?" அவள் குரல் உயரவே இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். "ஒட்டியே வாங்க. கட்டினது நீங்கதானே. கல்லு மாதிரி உக்காந்திருக்குன்னு இப்பத்தானே சொன்னீங்க."

டிரைவர் இறங்கி வந்து நின்றான். பின்வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தை நிறுத்தினாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. சாவியை வாங்கக் கை நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை.

"வேணாம்மா. இரு. முன்கயிறு ஒண்ணு போட்டுடறேன். அதுக்கு என்ன, அஞ்சு நிமிஷம்." அவன் ஸ்டோர் பக்கம் திரும்பினான். அவள் குறுக்கே நின்றாள்.

"எதுக்குண்ணே? பதினாலு கிலோமீட்டர்தானே. நாப்பதுல போனா ஒண்ணும் ஆகாதுன்னீங்க. வேனுக்குள்ள உக்காரும்போது ஒண்ணும் ஆகாது. பின்னாடி வரணும்னா மட்டும் கயிறு வேணுமா?"

"வழிய விடு."

"விடுறேன். இந்தச் சுமைக்குப் பின்னாடி வர்றதுக்கு உங்களுக்கு ஏன் பயம்? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப வாங்க." சாவியை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அவன் அவளுக்கு மிட்டாயை அப்படித்தான் வைத்து மூடுவான். அது இரண்டு பேருக்குமே அந்த நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவன் விரல்கள் வியர்த்து ஈரமாக இருந்தன.

அவன் பைக்வரை நடந்தான். காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான். டிரைவர் ஏறி வேனைக் கிளப்பினான். மேலே கதவுப் பேனல், இன்னும் நகராத வண்டியிலேயே, லேசாக ஒருதடவை ஆடியது. தனியாக ஆடியது. அண்ணன் பார்த்தான். வண்டியிலிருந்து இறங்கிவிட்டான். பைக்கை ஸ்டாண்டில்கூடப் போடவில்லை. அது சாய்ந்து விழுந்தது.

"நான் வரமாட்டேன்" என்றான். "அந்தக் கட்டுக்குப் பின்னாடி என்னால வர முடியாது."

"யாரு கட்டினது?"

"நான்தான்."

"இன்னிக்கா?"

அவள் பரணிலிருந்து சாக்கை இறக்கவில்லை, அந்தக் குழாயை எடுத்துக் காட்டவில்லை. அதெல்லாம் தேவைப்படும் என்று வைத்திருந்தாள், தேவைப்படவில்லை. அவன் தானாகவே சுவரோரம் குந்தி உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

"அன்னைக்கும் நான்தான். மாப்பிள்ளை பெட்டி எடுக்கப் போயிருந்தாரு. நேரமாச்சுன்னு நானே கட்டினேன். கயிறு எடுக்க உள்ள போகணும்... போகல. கிளம்பிட்டோம். பங்க் கிட்டயே அவரு பின்னாடி வந்து சேந்துட்டாரு. பாத்த உடனே தெரிஞ்சுருச்சு அவருக்கு. ஹாரன் அடிச்சாரு. கண்ணாடியில பாத்தேன், ஒரு கையால முன்னாடி முன்னாடின்னு காட்டுறாரு. நிறுத்தச் சொல்றாரு." மூக்கை உறிஞ்சினான். "பாலம் தாண்டி நிறுத்திக்கலாம்னு நினைச்சு நான் டிரைவர்கிட்ட சொல்லவே இல்ல. எப்பப் பாத்தாலும் இதே ரோதனைன்னு எரிச்சல் எனக்கு. அவரு முன்னாடி வந்து மறிக்கலாம்னு கிட்ட வந்தாரு. அப்பத்தான்..."

டாக்டரம்மா எப்போது இறங்கினார் என்று யாரும் பார்க்கவில்லை. பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

இரண்டு வருஷமாக அந்த ஹாரன் அவளைத் தூங்கவிட்டதில்லை. எதற்கு அடித்தான், என்ன சொல்ல நினைத்தான் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தாள். அவன் மறக்கவில்லை. பின்னால் வருகிற யாரையோ காப்பாற்றத்தான் வேனைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறான். அழுகை பொங்கி வந்தது. அதை அண்ணன் எதிரில் கொட்ட மனமில்லாமல் பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"என்னை மன்னிச்சுடும்மா" என்றான் அண்ணன். "ரெண்டு வருஷமா உனக்கும் உன் பொண்ணுக்கும் நான்..."

"பழம் வாங்கிட்டு வந்தீங்க" என்றாள் அவள். "தெரியும்."

டாக்டரம்மா தொண்டையைச் செருமினார். "அந்த அறிக்கையில பேரு எழுதினது நான்தான். சாயங்காலம் வந்ததும் நானே அடிச்சு மாத்தறேன்."

"நீங்க வேணாம் டாக்டர். உங்க முன்னாடி அவரே எழுதட்டும். அவர் கையெழுத்துலேயே இருக்கணும்."

அண்ணன் தலையாட்டினான். அவ்வளவோடு முடிந்தது என்று நினைத்திருப்பான் போல. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். நாற்பது நாளைக்கு அது போதாது.

அவள் ஸ்டோருக்குள் போய் ஆணியிலிருந்து இரண்டு கயிற்றையும் எடுத்தாள். எட்டு மடிப்பின் நடுவில் இருந்த கட்டை அவிழ்க்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. அவன் கை கடைசியாகப் போட்டது அது. பிறகு அவிழ்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூரைமேல் ஏறினாள். டிரைவர் கீழிருந்து கைகொடுத்தான். இருந்ததையெல்லாம் பிரித்துப் போட்டாள். பெரிய பேனல் அடியில், கதவு நடுவில், விளிம்புக்கெல்லாம் டியூப் துண்டு, பெல்ட்டில் ஒரே ஒரு முறுக்கு.

"கயித்தைப் பிடிங்கண்ணே" என்று ஒரு முனையைக் கீழே விட்டாள். "பம்பர் கொக்கியில மாட்டுங்க. குனிஞ்சு மாட்டணும், கால்ல தள்ளக் கூடாது."

சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் மண்ணில் முட்டி போட்டுக் கொக்கியில் கயிற்றை மாட்டினான். சரியில்லை என்றாள். கழற்றி மாட்டினான். இன்னும் இறுக்கம் என்றாள். மறுபடி கழற்றினான். நான்காவது தடவைதான் சரி என்றாள். உண்மையில் இரண்டாவது தடவையே சரியாகத்தான் இருந்தது.

கீழே இறங்கி, அடுக்கின் மூலையைப் பிடித்து இரண்டு கையாலும் உலுக்கினாள். வேன் மொத்தமாக ஆடியது. உள்ளே நர்ஸின் டப்பா உருண்டது.

டிரைவர் சுற்றிவந்து பார்த்தான். அவன் முடிச்சைக் கண்ணால் கண்டதில்லை, பேர் மட்டும் கேள்விப்பட்டிருந்தான். "அக்கா, இதுதான் முடிச்சு கட்டா?" என்று கேட்டான்.

"இதுதான்" என்றாள்.

பைக்கை அவளே நிமிர்த்தினாள். மண்ணைத் தட்டிவிட்டு, கீழே விழுந்திருந்த சாவியை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள்.

"இன்னுமா?" என்றான் அவன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இருட்டறையை நிறுத்த ரெண்டு பேர் வேணும்னு டாக்டரே சொன்னாங்க. இப்ப என்ன பயம்? இது அவரு கட்டு. இதுக்குப் பின்னாடி யாரு வேணும்னாலும் வரலாம். ஒட்டியே வாங்க. ஏதாவது ஆடுற மாதிரி தெரிஞ்சா ஹாரன் அடிங்கண்ணே. நாங்க நிறுத்துவோம்."

அவன் சாவியை வாங்கிக்கொண்டான்.

சுமை கட்டியவர் சுமையோடு போக வேண்டும் என்பது முடிச்சு வைத்த வழக்கம். அவள் வேனின் பின்கதவு வழியாக ஏறினாள். தகரப் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவே, தரையில் சம்மணமிட்டு உட்கார ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. சூப்பர்வைசருக்கு அது தெரிந்திருக்காது. அவனுக்குத் தரையில் உட்கார்ந்து பழக்கமில்லை. பின்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டாவது கிலோமீட்டரில் பங்க்கில் நிறுத்தச் சொன்னாள், இறங்கி உலுக்கினாள், ஏறினாள். அண்ணன் பைக்கை அணைக்காமல், டாங்க் குழியில் கண்ணை ஊன்றியபடி நின்றான். பார்க்காமல் இருக்க அங்கே வேறு இடம் இல்லை.

பாலம் வந்தது. குறுக்குக் காற்று வேனை இடித்தது. முன்கயிறு விண்ணென்று இழுத்து நின்றது; மேலே ஒரு சிணுங்கல்கூட இல்லை. கண்ணாடியில் அண்ணன் உருவம் சிறுத்துக்கொண்டே போனது. நடுப்பாலம் நெருங்க நெருங்க அவன் வேகத்தைக் குறைத்து, கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, ஊர்ந்து வந்தான். கன்னம் இரண்டும் நனைந்திருந்தது அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது.

அவள் கழுத்தைத் திருப்பாமலே குரல் கொடுத்தாள்.

"டிரைவரே, கொஞ்சம் மெதுவாப் போங்க. அண்ணன் தள்ளி வர்றாரு. கிட்ட வரட்டும்."